காற்றுக்கு ஐந்து ரூபாய்

ஒத்தக்கடையில், மேலூர் சாலை ஓரம்,
யானைமலையின் தும்பிக்கை இறங்குகிற பக்கம்
என் பஞ்சர் கடை.
சைக்கிளுக்கு இரண்டு, பைக்குக்கு ஐந்து.
காற்றின் விலையைச் சுவரில் எழுதியிருக்கிறேன்.
பேரம் பேசுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

அன்று காலை ஆறேகாலுக்கு ஒரு பைக்.
பின்னால் இருந்தவன் இறங்கவில்லை,
முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தான்.
சட்டைக்குள் ஏதோ மடங்காத பொருள்.
"பின் வீலுக்கு நல்லா வைங்கண்ணே, தூரம் போகணும்."
வைத்தேன். நாற்பது.
பத்து ரூபாய்த் தாளைத் தந்தார்கள்,
நான் சில்லறை தேடுவதற்குள் போய்விட்டார்கள்.

ஆறே முக்காலுக்கு
வார்டு மெம்பர் பஞ்சவர்ணம்
பால் வாங்கப் போன இடத்தில் விழுந்து கிடந்தார்.
கிரானைட் லாரி ஊருக்குள் வரக் கூடாதென்று
மூன்று முறை மனு கொடுத்தவர்.
பால் பாக்கெட் மட்டும் உடையவில்லையாம்.
பார்த்த எல்லாரும் அதையே சொன்னார்கள்,
வேறெதையும் பார்க்காதவர்கள் போல.

நாலு நாள் ஒருவரையும் பிடிக்கவில்லை.
ஐந்தாம் நாள் மறியல்.
கடைக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்களை
வீரணன் வந்து கேட்டான்.
சும்மா எடுத்துட்டுப் போடா என்றேன்.
"நாளைக்குக் கேட்டா
வித்தேன்னு சொல்லுங்க, கொடுத்தேன்னு சொல்லாதீங்க"
என்று டப்பாவில் அறுபது ரூபாய் போட்டான்.
ஐ.டி.ஐ. படித்த பையன். யோசிப்பான்.

புகை மலையின் காது வரை ஏறியது.
மைக்கில் டி.எஸ்.பி.
இருபத்து நாலு மணி நேரம் என்றார்.
கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.
பிறகு லத்தி.
பிறகு என் ஷட்டர், நானே இறக்கினேன்.
வெளியே யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள்.
மூன்று தடவை. எண்ணினேன்.
திறக்கவில்லை.

வீரணனுக்கு இனி இடது காது கேட்காது என்று
பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.
கூட்டத்தினர் எறிந்த கல் என்கிறது எஃப்.ஐ.ஆர்.
பார்க்கப் போனேன்.
கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்துதான் கேட்டேன்,
அன்னைக்குத் தட்டுனது நீயாடா என்று.

ஸ்டேஷனில் என்னைக் கேட்டார்கள்:
டயர் யாருக்கு, எத்தனை, எத்தனை மணிக்கு,
என்ன கம்பெனி டயர்.
கம்பெனியைக்கூடக் கேட்டார்கள்.
வித்தேன் என்றேன்.
காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்கிற ஆள் நானில்லை என்று
பெஞ்சில் உட்கார்ந்தபடி
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏட்டு அருளானந்து நல்ல மனுஷன்.
அவர் பின் டியூபில் ஏழு ஒட்டு, ஏழும் என் கை.
நாற்பது ரூபாய் பாக்கி, ரெண்டு வருஷமாக.
ஒண்ணாம் தேதி தர்றேம்ப்பா என்பார்,
எந்த மாசத்து ஒண்ணாம் தேதி என்று கேட்டதில்லை.

நேற்று ராத்திரி பத்து மணி.
பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தார்.
இன்னொரு ஆணி.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றினேன்.
குமிழிலிருந்து கண்ணை எடுக்காமலே
உள்பக்கம் பாருங்க ஏட்டய்யா என்றேன்.

ஷட்டரின் உள்பக்கம், கிரீஸ் கறைக்கு நடுவே
ஆணியால் கீறிய பைக் நம்பர்.
கட்சிக் கொடி ஸ்டிக்கர் மறைத்த
கடைசி இரண்டு இலக்கத்துக்கு
இரண்டு கோடு.

தொப்பியைக் கழற்றினார். திரும்ப வைத்தார்.
"யாரு கீறுனது?"
"தெரியலைங்க சார்."
அவரை நான் சார் என்றது அதுதான் முதல் தடவை.
அவருக்கும் அது கேட்டது.

பர்ஸை எடுத்து
இன்றைய எண்பதும் பழைய நாற்பதும்
எண்ணி வைத்தார்.
"கணக்கு முடிஞ்சதுல்ல?"

வெளியே போனவர் உடனே வண்டியை எடுக்கவில்லை.
இருட்டில் ஒரு 'டக்'.
பேனா மூடி கழல்கிற சத்தம் மாதிரியும் இருந்தது,
ஸ்டாண்டைத் தள்ளுகிற சத்தம் மாதிரியும்.

பாக்கி இருந்தவரை
திரும்ப வருவார் என்று ஒரு தைரியம்.
இப்போது டப்பாவில் தனியாகக் கிடப்பது
பைக்காரர்கள் வாங்காமல் போன
ஐந்து ரூபாய்க் காசு.
கேட்டு வந்தாலும் வருவார்கள்.

ஷட்டரைப் பாதிக்குக் கீழே இறக்காமல்
படுத்திருக்கிறேன்.